பைக்குள் பெய்த மழை

மழை எப்படி வருகிறதென்று பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஆசிரியை ஆரணி ஞாயிறன்று மார்சிலிங்கில் தன் வீட்டிலேயே செய்து பார்த்தாள். ஜிப்லாக் பிளாஸ்டிக் பையின் மேல்பக்கம் மார்க்கரால் ஒரு மேகம். உள்ளே நீலச் சாயம் கலந்த தண்ணீர் கொஞ்சம். வெயில் விழும் சன்னலில் ஒட்டிவிட்டால் போதும். தண்ணீர் ஆவியாகி மேலேறும், மேகத்தருகே துளியாகும், மறுபடி கீழே வழியும்.

மதியம் பார்த்தால் தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

"இதுல என்ன போட்டே?"

"திருநீறு. அதுதான் அப்பா," என்றாள் ஆறு வயது மகள் துவாரகா.

எல்லாம் ஆரணியின் வாயால் வந்த வினை. கணவன் நிஷாந்தனின் அஸ்தியைச் சாங்கிக் கடலில் கரைத்துவிட்டு வந்த அன்று, அப்பா எங்கே என்று பிள்ளை நச்சரித்தாள். "கடல்லேர்ந்து மேகத்துக்குப் போய், மழையா வருவாரு" என்று ஆரணி சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து மழை பிடித்தால் துவாரகா தாழ்வாரத்துக்கு ஓடுவாள். மழையோடு பேசுவாள், யாரோ பதில் சொல்வதுபோல இடையிடையே நிறுத்தித் தலையாட்டுவாள். ஆரணிக்கு முதுகு சில்லிட்டுப் போகும். ஆனாலும் தடுக்கமாட்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கதவோரம் நின்று அவளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

மாலைக்குள் மேகத்தருகே துளிகள் பளிச்சென்று நின்றன. திருநீறு முழுக்க அடியில் படிந்திருந்தது.

"அம்மா, தண்ணி மட்டும்தான் மேல போகுது. அப்பா போகல."

இன்னும் கொஞ்ச நேரத்தில் போகும் என்று புளுகலாம். புளுகினால் பிள்ளை அந்தப் பையை விட்டு நகரமாட்டாள்.

"சாம்பல் மேல போகாதுடா கண்ணு. தண்ணிதான் போகும்."

"அப்போ அப்பா இன்னும் கடலுக்கு அடியிலதான் இருக்காரா? தனியாவா?"

துவாரகா அறைக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது நீச்சலுடை போட்டிருந்தாள், நெற்றியில் கோகல்ஸ்.

"வாங்கம்மா, சாங்கிக்குப் போலாம் லா. அவரால மேல வர முடியலைன்னா நாமதான் கீழ போகணும்."

போனால்தான் என்ன என்று ஒரு கணம் ஆரணிக்கே தோன்றிவிட்டது. தோன்றியதும் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. கதவைப் பூட்டினாள். பிள்ளையை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"அப்பா செத்துப்போயிட்டாருடா," என்றாள்.

அந்தச் சொல்லை அவள் அதுவரை தனக்குக்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.