மரத்துப்போன விரல்

சதுரங்கக் கடிகாரத்தை அமுக்கிவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் சரந்துயாவுக்கு உறைத்தது, யானையைக் கொண்டுபோய் எதிராளியின் மந்திரிக்கு நேராக நிறுத்தியிருக்கிறோம் என்று. காவலில்லாத யானை.

எதிரே லுவ்சான். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் பேருந்து ஓட்டுபவர், விடுமுறைக்கு விடுமுறை காய் நகர்த்துகிறவர். இவளோ பள்ளிக்கூடத்தில் சதுரங்கம் சொல்லித் தருபவள், நாட்டுக்காக ஆடியவள். அவர்தான் எதிராளி என்று தெரிந்ததும் தோழிகள், "இன்னிக்கு உனக்கு லீவுதான்டி" என்று சிரித்தார்கள். மகளிர் அணியில் மிச்சமிருப்பது ஒரே இடம். ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் இந்தத் தேர்வுப் போட்டியில் இந்த ஆட்டத்தை ஜெயித்தால் அது அவளுக்கு. தோற்றால், இந்த வயதுக்குமேல் யாரும் கூப்பிடப் போவதில்லை.

யானையைப் பார்க்கக் கூடாது. தன் கண் போகிற இடத்துக்கு அவர் கண்ணும் வந்து தொலைக்கும். பயத்தில் உப்புத் தேநீர்க் குவளைக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டு, மேலே படிந்த பாலாடையையே வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவருடைய சட்டைக் கை மேசையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

"டீச்சர்," என்றார் லுவ்சான் மெதுவாக. "குதிரைய தொட்டுட்டேனா?"

நிமிர்ந்தாள். அவருடைய தடித்த விரல் குதிரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"கைய கொண்டுபோனப்பறம்தான் மந்திரியால யானைய வெட்டலாம்னு பாத்தேன். தொட்டிருந்தா குதிரையத்தான் ஆடணும், அது நியாயம். ஆனா பட்டுச்சா படலயான்னு எனக்கே தெரியல. போன குளிர்ல நடுவழியில டயர் மாத்துனேன், அதுல இந்த விரல் செத்துப்போச்சு." கொஞ்சம் தயங்கினார். "நடுவரெல்லாம் எதுக்கு? நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க, சொல்லுங்க."

அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கத்தான் அத்தனை பாடுபட்டாள். குதிரையின் முகம் லேசாகத் திரும்பியிருந்தது. முன்பே அப்படித்தான் இருந்ததோ என்னவோ. தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"தொட்டீங்க."

"அப்ப சரி." மறுபேச்சில்லாமல் குதிரையை எடுத்து நகர்த்தி வைத்தார். கடிகாரம் அவள் பக்கம் ஓடத் தொடங்கியது. இனி யானையை ஒதுக்கிவிட்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். கையைத் தூக்கினாள். யானையை எட்டும் முன்பே அது வெடவெடவென்று நடுங்கியது. பயம் போகவில்லை, யானையிலிருந்து தான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லுக்கு இடம் மாறியிருந்தது.

லுவ்சான் அந்தக் கையைப் பார்த்தார்.

"குளிருதா டீச்சர்?" என்று கேட்டு, தன் கம்பளிக் கையுறைகளை மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார்.