முழங்காலில் நின்ற பாட்டு

மோரா மூன்றாவது தட்டை மேசையில் வைத்ததும், ஒடெஸ்ஸா கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது யாருக்கு?"

"ருஃபஸுக்கு, அண்ணி."

ருஃபஸ் ஒடெஸ்ஸாவின் தம்பி, மோராவின் கணவன். ஜூலை மாதம், காரில் பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரன் நிறுத்தினான். உரிமத்தை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டவனை மூன்று முறை சுட்டான். ராணுவத்தில் இரண்டு தடவை போர்முனைக்குப் போய் உயிரோடு திரும்பியவன், வீட்டுக்கு நான்கு தெரு தள்ளிச் செத்தான். போலீஸ்காரன் பயந்துவிட்டான், அது குற்றமல்ல என்று விசாரணை முடிந்தது. கறுப்பன் என்பதால் பயந்தான் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

"செத்தவனுக்குப் படைக்கிறதெல்லாம் நம்ம சபையில கிடையாது மோரா. அது பிசாசைக் கும்பிடறவங்க செய்யற வேலை."

மோரா வெள்ளைக்காரி. தேவாலயத்துக்குப் போகாதவள். அறுவடை முடிந்து இருட்டு நீளத் தொடங்கும் இந்த அக்டோபர் கடைசி நாளில், இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று நம்பும் பழைய வழியைச் சேர்ந்தவள்.

"நீங்க எதையும் கும்பிட வேண்டாம். அவன்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது, அவ்வளவுதான்."

"உங்க ஆளுங்க சுடுவாங்க. நீங்க சோறு வைப்பீங்க."

சொன்ன பிறகுதான் ஒடெஸ்ஸாவுக்கு உறைத்தது. மோரா பொரித்த மீனையும் சோளரொட்டியையும் மூன்று தட்டிலும் பரிமாறினாள். ஜன்னலில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஒடெஸ்ஸாவும் கோட்டோடு உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டு வாசலில் பேய்வேடப் பண்டிகைக்குத் தொங்கவிட்ட பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் காற்றில் ஆடின. தெரு முழுக்க அதே வேடிக்கை. நிஜமாகச் செத்தவனைப் பற்றி விசாரிக்க ஜூலையிலிருந்து அந்தத் தெருவில் ஒருவரும் வரவில்லை.

நான்கு மாதமாக ஒடெஸ்ஸா பேசிக்கொண்டே இருந்தாள். வக்கீலிடம், போதகரிடம், செய்திக்காரர்களிடம். பேசாமல் உட்கார்ந்தது இன்றுதான். மூன்றாவது தட்டில் மீன் ஆறிப்போவதைப் பார்த்தாள். தம்பி இனி வரமாட்டான் என்பது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. சத்தமில்லாமல் அழுதாள். மோரா கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஒடெஸ்ஸா முகம் கழுவினாள். ஏழு மணிக்கு அவள் பாட வேண்டும். பள்ளி மைதானத்தில் கால்பந்து ஆட்டம் தொடங்கும் முன் தேசிய கீதம் பாடுவது பதினோரு வருஷமாக அவள்தான்.

அன்றும் கூட்டம் எழுந்து நின்றது. தொப்பிகள் இறங்கின, கைகள் நெஞ்சுக்குப் போயின. ஒடெஸ்ஸா மைக்கைப் பிடித்தபடி ஈரப்புல்லில் ஒரு முழங்காலை ஊன்றினாள். போலீஸ் சுட்டுக் கொல்லும் கறுப்பர்களுக்காகக் கீதத்தின்போது நிற்காமல் இப்படி மண்டியிடுகிறவர்களை எல்லோரும் டிவியில் பார்த்திருந்தார்கள். பாடத் தொடங்கினாள்.

இரண்டாவது வரியிலேயே கூச்சல் கிளம்பியது.

"எந்திரிடி!"

"சோறு போடற நாட்டுக்கு எந்திரிக்கக்கூட முடியலையா?"

மூன்றாவது வரியில் மைக் செத்துப்போனது. யாரோ அணைத்திருந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. முன்வரிசைக்கு மட்டும் கேட்கும் குரலில், ஒரு சொல் விடாமல், கடைசிவரை பாடிவிட்டுத்தான் எழுந்தாள்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. கொடியை அவமதித்தாள், இந்தப் பருவம் முழுவதும் மைதானத்துக்குள் வரக்கூடாது.

மோரா அதை இரண்டு தடவை படித்தாள். "ருஃபஸோட சவப்பெட்டி மேல போர்த்தினதும் இதே கொடிதானே அண்ணி. அன்னிக்கு யாருக்கும் வலிக்கலையே."

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். கம்பி வேலிக்கு வெளியே, நடைபாதையில் நின்றார்கள். உள்ளே கூட்டம் எழுந்தது. ஒலிபெருக்கி கரகரத்து, பாட்டு தொடங்கியது.

ஒடெஸ்ஸா வேலியைப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் பதிவு செய்து வைத்த அவளுடைய குரல் அது.

"அண்ணி..."

"ஆமா. நான்தான்."

உள்ளே ஒருவரும் கூச்சலிடவில்லை. நெஞ்சில் கை வைத்து அசையாமல் நின்றார்கள். ஒடெஸ்ஸா நடைபாதைச் சிமெண்டில் முழங்காலை ஊன்றினாள். மோராவும் அவள் பக்கத்தில் ஊன்றினாள்.

பாட்டு முடிந்ததும் உள்ளே கைதட்டினார்கள். பதினோரு வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு பெரிய கைதட்டல் கிடைத்ததே இல்லை.