எதுவும் மூடாத பதினேழு நாட்கள்

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் குருபரப்பள்ளியில் எதுவும் மூடாமல் போயிற்று. முதலில் பஷீர் அஹமது கடையின் இரும்பு ஷட்டர். ஆறு பேர் பிடித்துத் தொங்கியும் அது ஒரு விரலளவுகூட இறங்கவில்லை. அடுத்து டீக்கடை பிஸ்கட் பாட்டில்கள், குக்கர் மூடிகள், லாரிக் கதவுகள், குடைகள். புதன்கிழமை சுங்கச்சாவடித் தடுப்புக்கட்டை மேலே போனது போனபடியே நின்றுவிட, நாற்பதாயிரம் வண்டிகள் சும்மா போயின. ஓட்டுநர்கள் இறங்கி ஊர் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். கூட்டுறவுச் சங்கத்தின் பெட்டகம் வாயைப் பிளந்து கிடந்தது. வெளியூர்த் திருடர்கள் இரண்டு பேர் வந்து அள்ளினார்கள்தான். ஆனால் பையின் வாய் மூடாததால் வழியெல்லாம் சிந்திக்கொண்டே போய், கடைசியில் வெறும் பையோடு பஸ் ஏறினார்கள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த வாயை மூட இரண்டு மணி நேரம் ஆயிற்று.

வியாழக்கிழமை சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து தூங்குகிறவர்களின் இமைகள் மூடவில்லை. கைக்குழந்தைகள்கூடக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே குறட்டை விட்டன. பஷீர் கடையிலிருந்து கணுக்கால் உயரத்துக்கு ஒரு பனி கிளம்பி, ஈரக்கல் வாசனையோடு நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தது. தெருநாய்கள் கொதிக்கும் தாரில் நடப்பதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடந்தன.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கணினி விளையாட்டு. பஷீர் அஹமது, தொழிற்சாலைகள் கழித்துப் போடும் கணினிகளை எடைக்கு வாங்கிப் பிரித்து விற்பவர். முனிராஜ், ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தி நான்கு வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். 1998இல் பஷீர் வாங்கி வந்த ஒரு கணினிக்குள் அந்த விளையாட்டு கிடந்தது. மந்திரவாதிகளும் பாழடைந்த கோட்டைகளும் நிறைந்த தடித்த ஆங்கில நாவல் ஒன்றை விளையாட்டாக மாற்றியிருந்தார்கள். ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் பச்சைப் படத்தில் ஆள் நடப்பான். கண்ணில் படுவதையெல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே போகலாம். கடைசியில் ஒரு கல்வாசல் வரும். வாசலில் முக்காலி போட்டு ஒரு கிழவன் உட்கார்ந்திருப்பான். ‘நாவலில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல் என்ன?’ என்று கேட்பான். விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குப் பெட்டியிலேயே நாவலும் வரும். அந்தப் பெட்டியை ஒசூரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எல்லோரிடமும் இருந்தது நகலின் நகலின் நகல். சிப்காட் முழுக்க வாலிபர்கள் அந்தக் கிழவன் முன்னால் நின்று நின்று மீசை நரைத்தார்கள்.

முனிராஜ் நரைக்க விரும்பவில்லை. தொழிற்சாலையில் பிரஸ் மிஷினுக்குப் பாதுகாப்புக் கதவு உண்டு. கதவு மூடினால்தான் மிஷின் ஓடும். அவசரம் என்றால் ஃபிட்டர் ஒரு ஒயரை முடிந்து சென்சாரை ஏமாற்றிவிடுவார். கதவு திறந்திருக்கும், மூடியிருப்பதாக நினைத்து மிஷின் ஓடும். பைபாஸ் என்று பெயர். அதில் முனிராஜுக்கு ஈடு தர்மபுரி வரைக்கும் கிடையாது. பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் பஷீர் கடையில் உட்கார்ந்து கணினியின் வயிற்றுக்குள் தலையை விட்டுத் தேடி, கேள்வி இருந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒரு நீல ஒயரை முடிந்தார். கிழவன் எழுந்தான். திரைக்குள்ளிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படத்தின் இடது ஓரமாக நடந்து போய்விட்டான். வாசல் திறந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் வெறும் தரை.

“இதுக்கா இவ்ளோ அக்கப்போரு?” என்றார் பஷீர். கணினியைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார்கள். வாசலைச் சாத்த வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

இருபத்தாறு வருடம் கழித்து முனிராஜ் ஓய்வு பெற்றார். மூன்றே வாரத்தில் வீட்டிலிருந்த மிக்ஸியை ஒன்பது தடவை பிரித்து மாட்டினார். மனைவி மாதேஸ்வரி பொறுத்துப் பார்த்துவிட்டு, “எங்கனா போய்த் தொலைய்யா, மிக்ஸியாவது பொழைக்கட்டும்” என்றாள். தொலைய அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான்.

“பாய், அந்தக் கதவு கேமு இன்னும் இருக்குதா?”

“உன்னைய மாதிரிதான். துருப்புடிச்சிக் கெடக்குது.”

செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்குச் சாக்கை அவிழ்த்து ஸ்விட்சைப் போட்டார்கள். வாசல் விட்டபடியே திறந்து கிடந்தது. முக்காலி காலி. ஆனால் வாசற்படிக்கு அந்தப் பக்கம், இருபத்தாறு வருடத்தில் ஏதோ ஒன்று நடந்து வந்து நின்றிருந்தது. அதற்கு உருவம் இல்லை. ஆள் உயரத்துக்கு அந்த இடம் மட்டும் படத்தில் வரையப்படாமல் இருந்தது. பஷீர் பிளக்கைப் பிடுங்கினார். படம் போகவில்லை. மறுநாள் பார்த்தபோது வரையப்படாத அந்த இடம் ஒரு அடி முன்னால் வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பஷீரின் மகள் மெஹ்னாஸ் வெங்காயம் அரிந்தபோது உள்ளங்கையில் கத்தி பட்டது. செல்போன் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, வயது இருபத்தாறு, ஒரு கீறலுக்கெல்லாம் அசருகிற பெண் இல்லை. ஆனால் காயம் மூடவில்லை. கிருஷ்ணகிரியில் பதின்மூன்று தையல் போட்டார்கள். பதின்மூன்றும் பட்டன் கழல்வதுபோல ஒவ்வொன்றாகக் கழன்றன. பெங்களூருக்குக் கொண்டுபோயும் அதே கதைதான், கிருஷ்ணகிரிக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் ரத்தம் ஏற்ற ஏற்ற, மறுபக்கம் சொட்டிக்கொண்டே இருந்தது. உறவுக்காரர்கள் வேன் வேனாக வந்து ரத்தம் கொடுத்தார்கள். பத்தாம் நாள் கொடுக்க ஆள் தீர்ந்தது. பெரிய டாக்டர் பஷீரைத் தனியாக அழைத்து, இன்னும் ஒரு வாரம் தாங்கலாம் என்றார்.

விளையாட்டுக்குள் இருந்து வந்த வினைக்கு நாவலில்தான் பதில் இருக்கும் என்று பஷீர் பெங்களூரு பழைய புத்தகக் கடைகளைச் சல்லடை போட்டு ஒரு பிரதியைப் பிடித்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதுவும் மூடவில்லை, விசிறிபோல விரிந்தே கிடந்தது. அவ்வளவு ஆங்கிலத்தைப் படிக்கத் தெரிந்தவள் மெஹ்னாஸ் ஒருத்திதான். ஒரு கை சொட்ட, மறுகையால் பக்கம் தள்ளிப் படித்தாள். பதினாறாம் நாள் மத்தியானம் ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னாம்மா போட்டுக்குது?” என்றார் பஷீர்.

“ஒண்ணும் இல்ல அத்தா. மொக்கை புக்கு.”

சத்தத்தை வைத்தே மிஷின் எதை மறைக்கிறது என்று கண்டுபிடிக்கிற முனிராஜ் கட்டிலோரம் வந்து நின்றார். “எந்தப் பக்கம் பாப்பா?”

“சொல்ல மாட்டேன் மாமா. சொன்னா நீங்க போயிருவீங்க.”

“போவாம? மிஷினுக்குப் பூட்டுப் போட்டவன்தான் பூட்டை எடுக்கணும். மேனேஜரே வந்தாலும் வேற ஆளு தொடக்கூடாது. நான் கட்டுன ஒயரு, நான்தான் அவுக்கணும்.”

அவள் அழுதுகொண்டே படித்துக் காட்டினாள். முந்நூற்று நாற்பதாம் பக்கம்: காவலைக் கலைத்த கை காவலுக்கு உட்கார்ந்தால்தான் வாசல் மூடும். அப்படி உட்கார்ந்தவன், இன்னொருவன் தானாக வந்து உட்காரும்வரை எழக்கூடாது. முனிராஜ் தலையை ஆட்டினார். தொழிற்சாலையிலும் அதே விதிதான். மாற்றிவிட வரும் ஆளான ரிலீவர் வராமல் மிஷினை விட்டு நகரக்கூடாது.

பதினேழாம் நாள் மத்தியானம் மாதேஸ்வரி டிபன் கேரியரோடு கடைக்கு வந்தாள். முனிராஜ் கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டார். வேலைக்காலம் முழுக்க வைத்திருந்த சிவப்பு அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருடைய போட்டோவும் பெயரும் போட்டு, ‘ஆள் உள்ளே வேலை செய்கிறார், தொடாதே’ என்று அச்சடித்த அட்டை.

“பொழுதோட வந்துடுவியா?” என்றாள்.

“ரிலீவர் வந்தா வந்துடறன்.”

“கொழம்புல உப்பு தூக்கலா போச்சி. திட்டாத.”

“என்னிக்கி கம்மியா போட்ட நீ?”

பாய்லர் துளைக்குள் இறங்குவதுபோல முதலில் தலை, பிறகு ஒரு தோள், பிறகு மறுதோள் என்று திரைக்குள் போனார். செருப்பு வெளியே நின்றது. பச்சை நிறத்தில் சாண் உயர முனிராஜ், வாசற்படியில் அந்த வரையப்படாத இடத்துக்கு நேராகப் போய் நின்றார். அது அப்போது படியைத் தாண்ட அரையடிதான் பாக்கி. அவர் வாய் ஏதோ சொன்னது. ‘தள்ளு’ என்றுதான் சொல்லியிருப்பார் என்கிறாள் மாதேஸ்வரி. ஒயரை நறுக்கினார். சிவப்பு அட்டையை வாசலில் மாட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். வாசல் மூடிய சத்தம் சூளகிரிவரை கேட்டது. அதே நொடி பஷீர் கடை ஷட்டர் தானாக விழுந்தது. குக்கர்கள், குடைகள், லாரிக் கதவுகள், கூட்டுறவுப் பெட்டகம் எல்லாம் ஒரே அறையாக அறைந்தன. கண் திறந்து கிடந்த ஊர் நின்ற இடத்திலேயே படுத்து இரண்டு நாள் தூங்கியது. கிருஷ்ணகிரியில் நர்ஸ் பஞ்சை எடுத்துப் பார்த்தபோது மெஹ்னாஸின் உள்ளங்கையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. தினமும் ஒரு மணிக்கு மாதேஸ்வரி திரைக்கு முன்னால் கேரியரை வைக்கிறாள். இரண்டு மணிக்கு அது கழுவித் திரும்ப வருகிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பஷீர் வந்து நின்று, “நான் மாத்தி விடட்டா?” என்று கேட்கிறார். முனிராஜ் அவர் காலைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டுகிறார். பஷீருக்குச் சர்க்கரை, முக்காலியில் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகும். நவம்பர் மாதம் பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிற சான்று வேண்டியிருந்ததால் மாதேஸ்வரி திரையை ஷேர் ஆட்டோவில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். கண் சிமிட்டச் சொன்னார்கள், சிமிட்டினார். சான்று கொடுத்தார்கள். புறப்படும்போது முனிராஜ் கடமை தவறாமல் எழுத்தரிடம் பக்கம், வரி, சொல் கேட்டார். எழுத்தர் தெரியாது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஞாயிறுதோறும் மெஹ்னாஸ் வந்து நாவலைத் தமிழில் அவருக்குச் சொல்கிறாள். கதவைத் தட்டுவது யார் என்று தெரியவருகிற அத்தியாயத்தோடு அவர் போதும் என்றுவிட்டார். மூடிய வாசலுக்கு உள்ளிருந்து ஏதோ தட்டுவது கடையில் எல்லோருக்கும் கேட்கிறது, முன்பு வாரத்துக்கு ஒருமுறை, இப்போது மணிக்கு ஒருமுறை. அப்போதெல்லாம் முனிராஜ் திரும்பிப் பார்ப்பதில்லை. வாசலில் தொங்கும் சிவப்பு அட்டை மட்டும் லேசாக ஆடி நிற்கும். பஷீர் வியாபாரத்தைத் தொடர்வார்.