நீலப் பல்

அவள் வேலை பார்த்த இடத்தில் மேசைக்கு மேசை வாய்கள் இருந்தன. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதும் மேலே மெழுகு கட்டி, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிக்க வேண்டும். முழுப் பல் செட் வந்தால் முதலாளி அவளிடம்தான் தருவார். அவள் கட்டிய பல்லைப் போட்டுக்கொண்டு ஒருவர் சிரித்தால், அது கட்டின பல் என்று எதிரே இருப்பவருக்குச் சந்தேகம் வராது.

மற்றவர்கள் மேசையில் பாட்டு ஓடும். அவள் மேசையில் மட்டும் ஒரு பிளாஸ்டர் தாடைமேல் கைப்பேசி சாய்ந்து நிற்கும். திரையில் ஓர் எண். அதற்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு கோடு. மகளின் உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது சொல்லும். மகளுக்குப் பதினாறு வயது. ஐந்து வருடமாக இன்சுலின் ஊசியில் ஓடுகிற உடம்பு. மேல்கையில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். வில்லை மகளின் கைப்பேசிக்கு ப்ளூடூத்தில் சொல்லும். மகளின் கைப்பேசி இணையத்தில் ஏற்றி அம்மாவுக்கு அனுப்பும்.

முதல் வில்லையை ஒட்டிய அன்று, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அதை விளக்கியிருந்தான். "இது என்ன ரேடியோ ஸ்டேஷனா, ஊருக்கே கேக்க? காதோட காதா பேசுற பேச்சு. ஒரு தடவை ரெண்டையும் அறிமுகப்படுத்தி வச்சிட்டா போதும், அப்புறம் பக்கத்துல வந்தாலே தானா பேசிக்கும். ஆனா பக்கத்துல இருக்கணும். ஒரு ரூமைத் தாண்டினா தடுமாறும். நடுவுல சுவர் வந்தா வாயை மூடிக்கும்."

"அப்ப அவ போனை விட்டுட்டுப் போனா?"

"போனை விட்டுட்டுப் போற வயசா அது?"

அவளுக்கு அந்தக் கோடு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. வில்லை வருவதற்கு முன்பு, ஒருநாள் வகுப்பில் மகள் மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்று டீச்சர் விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த தோழி உலுக்கிப் பார்த்து, கை சில்லென்று இருக்கிறது என்று கத்திய பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. "தூங்குறான்னு நினைச்சோம்" என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இரண்டு சொற்கள் அம்மாவின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டன. அன்றிலிருந்து யாரையும் நம்பாமல் தானே பார்க்கத் தொடங்கினாள். சமைக்கும்போது பார்த்தாள், பஸ்ஸில் பார்த்தாள், கழிப்பறையில்கூடப் பார்த்தாள்.

முதலாளி கிண்டல் செய்வார். "ஊருக்கெல்லாம் வெள்ளைப் பல் கட்டித் தர்ற. நீ மட்டும் நீலப் பல்லைக் கட்டிக்கிட்டு அழற. ப்ளூடூத்துன்னா நீலப் பல்லுதானம்மா?"

"அந்த ஒரு பல்லு ஆடாம இருந்தா போதும் சார்" என்பாள் அவள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது ஆடியது. தோழி வீட்டில் கணக்குப் போடப் போகிறேன் என்று மகள் பள்ளியிலிருந்தே செய்தி அனுப்பியிருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் அப்படிப் போவது வழக்கம்தான். இதற்கு முன்பும் அந்த நாட்களில் கோடு அறுந்து அறுந்துதான் வந்திருக்கிறது. தோழி வீட்டு மாடியில் சிக்னல் மோசம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆனால் அன்று நூற்று முப்பதில் இருந்த எண் நூற்றுப் பத்துக்கு இறங்கி, பக்கத்தில் சாய்ந்த அம்புக்குறி ஒன்றைக் காட்டிவிட்டுக் காணாமல் போனது. எண் இருந்த இடத்தில் இரண்டு சிறு கோடுகள். சிக்னல் இல்லை.

அவள் ஒரு முன்பல்லைப் பதித்தாள். பார்த்தாள். இரண்டு கோடு. மெழுகைச் சூடாக்கினாள். பார்த்தாள். இரண்டு கோடு. மகளை அழைத்தாள்; மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கணவனை அழைத்தாள், தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தான். எந்தக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறானோ. மறுபடி மகள். மறுபடி கணவன்.

முதலாளி வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வலது கோரைப்பல்லை இடது பக்கம் வச்சிருக்க?"

அவள் குனிந்து பார்த்தாள். ஆமாம்.

"கிளம்பு. இந்த மனுஷன் இவ்வளவு நாள் பல்லில்லாம சாப்பிட்டார், நாளைக்கும் சாப்பிடுவார்."

விரல்களில் காய்ந்த பிளாஸ்டரோடு ஸ்கூட்டரை எடுத்தாள். சிக்னலுக்கு சிக்னல் காலை ஊன்றிக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். மனம் தன் போக்கில் என்னென்னவோ காட்டியது: மாடிப்படியில் விழுந்து கிடக்கிறாள், கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மயங்கிவிட்டாள், கணக்கு நோட்டின் மேல் தலை கவிழ்ந்திருக்க, தோழி காதில் எதையோ மாட்டிக்கொண்டு, இவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கதவைத் திறந்தது தோழிதான். காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. பின்னால் ஹாலில் யாரும் இல்லை.

"பாப்பா எங்கே?"

தோழி உதட்டைக் கடித்தாள். வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அங்கே பதில் எழுதி ஒட்டியிருப்பதைப்போல. "இப்பதான் ஆன்ட்டி... கடைக்கு..."

"எந்தக் கடை? அவ போன் எடுக்கல. சுகர் இறங்கிட்டிருந்துச்சு, அப்புறம் காணோம். நீ பொய் சொல்ற நேரம் இல்லம்மா இது."

சுகர் இறங்கியது என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. வகுப்பில் அன்று கையைத் தொட்டுப் பார்த்துக் கத்தியவள் அவள்தான். "விளையாட்டு மைதானத்துக்குப் பின்னாடி நீச்சல் குளம் இருக்குல்ல ஆன்ட்டி, அங்க. செவ்வாயும் வெள்ளியும் அங்கதான் போறா. அங்கிளுக்குத் தெரியும்."

அங்கிளுக்குத் தெரியும். வண்டியைத் திருப்பும்போது அந்த வார்த்தை ஒரு பக்கம் எரிந்தது. தண்ணீர் என்ற நினைப்பு இன்னொரு பக்கம் குளிர்ந்தது. நீச்சல் கூடாது என்று அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள். தரையில் மயங்கினால் தூக்கிவிட ஆள் உண்டு. தண்ணீரில் மயங்கினால்?

குளத்தில் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. ஏழெட்டுத் தலைகள் மிதந்தும் முங்கியும் போய்க்கொண்டிருந்தன. எல்லாத் தலையிலும் ஒரே மாதிரி ரப்பர் தொப்பி. பெற்ற மகள் எந்தத் தலை என்று அவளுக்குத் தெரியவில்லை. விசில் தொங்கிய கழுத்தோடு ஒரு பெண் பயிற்சியாளர் அருகில் வந்தாள்.

"எம் பொண்ணு... கையில வில்லை ஒட்டியிருக்கும்."

"மூணாவது லேன். நல்லா இருக்கா."

"வெளிய வரச் சொல்லுங்க. சிக்னலே வரல."

"தண்ணிக்குள்ள வராதுங்க. அதுக்குத் தண்ணின்னா சுவர் மாதிரி. கரைக்கு வந்து கையைத் தூக்கினா வந்துரும்." பயிற்சியாளர் பெஞ்சைக் காட்டினாள். அங்கே மகளின் பை, பைக்கு மேலே கைப்பேசி, பக்கத்தில் ஒரு ஜூஸ் பாட்டில், குளுக்கோஸ் மாத்திரை டப்பா. "போனைக் கரை ஓரமா வச்சுக்கணும்னு அவதான் எங்கிட்ட சொன்னா. இன்னிக்குக் கூட்டம், யாரோ நகர்த்தி வச்சுட்டாங்க."

அம்மா மகளின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மூன்றாவது லேனின் முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். புடவை நனைந்தது. எதிர்முனையிலிருந்து ஓர் உருவம் வந்துகொண்டிருந்தது. முகம் தண்ணீருக்குள். இடது கை எழும்பும், விழும், எழும்பும், விழும். கையில் வில்லை பளிச்சென்று தெரிந்தது. மெழுகில் பல் வைக்கும் பொறுமை அவளுக்கு உண்டு. ஆனால் இந்த நேரத்தில், அந்த ஒரு கை வந்து சேர்வதற்குள், ஒரு முழு வாய்க்குப் பல் கட்டியிருக்கலாம் போலிருந்தது.

கை கரையைத் தொட்டது. அவள் கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. விட்டுப்போன புள்ளிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்து கோட்டைச் சேர்த்தன. வில்லை எதையும் மறந்திருக்கவில்லை, சொல்ல ஆள் இல்லாமல் வைத்திருந்தது. எண்பத்து நான்கு. கீழ்நோக்கிய அம்பு.

"பாப்பா..."

மகள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். அம்மாவைப் பார்த்ததும் முதலில் விழித்தாள், பிறகு வாயை இறுக்கிக்கொண்டாள். கரையில் ஏறி, நேராகப் பெஞ்சுக்குப் போய் மாத்திரை டப்பாவைத் திறந்து இரண்டை வாயில் போட்டுக் கடித்தாள்.

"எண்பத்து நாலு" என்றாள் அம்மா பின்னாலேயே வந்து. "இறங்குது."

"தெரியும். விரல் நுனி குறுகுறுன்னுச்சு. அதான் நிறுத்தினேன். அது எப்பவுமே கொஞ்சம் லேட்டாதாம்மா சொல்லும். எனக்கு முதல்ல தெரிஞ்சிடும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

அம்மா துண்டை எடுத்து மகளின் தோளில் போர்த்தினாள். தோள் எப்போது இவ்வளவு அகன்றது என்று தெரியவில்லை. மகள் ஜூஸ் பாட்டிலை உறிஞ்சினாள். தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கோவிச்சுக்காதம்மா. சாப்பிட்டா பார்க்கிற, தூங்கினா பார்க்கிற, பரிட்சை எழுதும்போதும் மேல ஏறுதுன்னு டீச்சருக்குப் போன் பண்ற. தண்ணிக்குள்ள போனா மட்டும்தான் யாரும் பார்க்கல. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கே எனக்கு."

அம்மாவுக்கு அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நகக்கண்ணில் இருந்த பிளாஸ்டரைச் சுரண்டினாள். அப்போது அவள் கைப்பேசி அடித்தது. கணவன்.

"இத்தனை மிஸ்டு கால் இருக்கே, என்ன ஆச்சு?"

"குளத்துல இருக்கேன்."

மறுமுனையில் குரல் தணிந்தது. "விழுந்துட்டியா?"

"வீட்டுக்கு வாங்க, யார் விழுறாங்கன்னு பார்ப்போம்."

மகள் பாட்டிலுக்குள்ளேயே சிரித்துவிட்டாள். அம்மா முறைத்தாள்.

அன்று வீட்டில் பெரிய சண்டை நடந்தது. கணவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். "அவ கேட்டா, எம் மனசு கேக்கல" என்பதைத் தவிர வேறு வாதம் அவனிடம் இல்லை. கடைசியில் மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கைப்பேசி இனி பயிற்சியாளரின் கையில், கரையில். நான்கு சுற்றுக்கு ஒரு முறை மகள் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நூற்றுக்குக் கீழே போனால் தண்ணீர் கிடையாது. அம்மா அந்த நேரத்தில் அழைக்கக் கூடாது, வரக் கூடாது.

"வரவே கூடாதா?" என்று அவள் கேட்டாள்.

"வரக் கூடாதும்மா. அப்புறம், பாப்பான்னு எல்லார் முன்னாடியும் கூப்பிடாத."

செவ்வாய்க்கிழமை கோடு நின்றபோது அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தினாள். கவிழ்த்தாள். ஒரு புள்ளி வந்தது, சரியாக இருந்தது, மறுபடி இரண்டு கோடு. எழுந்து தண்ணீர் குடித்தாள். காயாத பிளாஸ்டரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு முதலாளியிடம், தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

குளத்தின் மதில் ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. அதன் நிழலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றாள். உள்ளே விசில் கேட்டது. தண்ணீரை அடிக்கும் கைகளின் சத்தம் கேட்டது. அதில் எது தன் மகளின் கை என்று பிரித்தறிய முயன்றாள்; முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. யாரோ சிரித்தார்கள், அதுவும் மகளா என்று தெரியவில்லை. உள்ளே போகக் கால் துடித்தது. ஒரு எட்டு வைத்தாள், நின்றாள், திரும்பி வண்டி அருகே வந்தாள்.

பயிற்சி முடிந்ததற்கு அடையாளமாக நீண்ட விசில் ஒலித்தபோது, மகள் வாசலுக்கு வருவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனையைத் தாண்டினாள்.