சமையலறை விளக்கும் சிவப்பு அட்டையும்

என் கணவர் எலக்ட்ரீஷியன். ஊரார் வீடெல்லாம் அவர் கைபட்டுப் பளிச்சென்று இருக்கும். எங்கள் சமையலறை விளக்கு மட்டும் ஆறு வருடமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கேட்டால், "ஞாயித்துக்கெழம பாத்துடலாம், இன்ஸ்பெக்டரம்மா" என்பார். எதிலும் குறை கண்டுபிடிப்பதால் எனக்கு அந்தப் பட்டம். எந்த ஞாயிறு என்று மட்டும் சொன்னதில்லை.

மலத்தில் ரத்தம் போனதையும் இப்படித்தான் தள்ளிப்போட்டார். மூலம், உடம்புச் சூடு என்று அவரே டாக்டராகிவிட்டார். நான் கத்தி, அழுது, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போன பிறகுதான் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய். வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வாங்க, சொல்றேன்" என்றார் டாக்டர்.

அது திங்கட்கிழமை. மறுநாள் காலையிலேயே மனிதர் ஏணியைத் தூக்கிவிட்டார். அழைப்பு மணி, மாடிப்படி விளக்கு, குளியலறை ஹீட்டர் எல்லாம் சரியாயின. ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே, எது எதற்கு என்று எழுதி ஒட்டினார். எனக்கு வாயெல்லாம் பல். புதன்கிழமை மெயின் போர்டுக்கு என்னைக் கூப்பிட்டு, "இந்த சுவிட்சு கீழ விழுந்துட்டா மேல தள்ளிவிடு. அப்பவும் வரலன்னா தம்பியக் கூப்பிடு" என்றபோதுதான் உறைத்தது. வீட்டை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார் இந்த ஆள்.

வந்த கோபத்தில் நாலு சீட்டைக் கிழித்துப் போட்டேன். அவர் மறுபடி எழுதி ஒட்டினார்.

வியாழன் சாயங்காலம் ஏணி சமையலறைக்கு வந்தது. பழைய ஹோல்டரைக் கழற்றிவிட்டார். புதியது சட்டைப் பையில் இருந்தது. இரண்டு நிமிட வேலை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இறங்குங்க. இத மட்டும் செய்யாதீங்க."

"ஆறு வருஷமா என் உயிர எடுத்தது யாரு?"

"நான்தான். இன்னமும் எடுப்பேன். இதையும் முடிச்சிட்டா அப்புறம் எதுக்குங்க உங்களத் திட்டுவேன்? எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

அந்த வாரத்தில் அவர் அதைச் சொன்னது அப்போதுதான். ஏணிப் படியிலேயே உட்கார்ந்து என் தலைமேல் கை வைத்துக்கொண்டார். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

பிறகு ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றிவிட்டு இறங்கினார். வேலைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்துச் சுவிட்சின்மேல் மாட்டினார். 'ஆள் வேலை செய்கிறார். தொடாதே.' வேலை பாதியில் நிற்கும்போது எலக்ட்ரீஷியன்கள் மாட்டுவது அது. மாட்டியவர்தான் வந்து கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் கை வைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை டாக்டர் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. "கல்லீரல்ல ஒரு சின்னப் புள்ளி தெரியுது. என்னன்னு இப்ப உறுதியா சொல்ல முடியாது. முதல்ல குடல ஆபரேஷன் பண்ணிடுவோம். அப்புறம் திரும்பப் பாப்போம்" என்றார். இவர் தலையாட்டிக்கொண்டார். நான் படியிறங்கும்வரை அவர் கையை விடவில்லை.

ஆபரேஷனுக்குச் சேர்த்த அன்று, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கூடவே கொழுந்தனாரும் வந்தார். அவருக்கும் அதே தொழில்.

"என்ன அண்ணி, டார்ச் வச்சுக்கிட்டா சமைக்கிறீங்க? ரெண்டே நிமிஷம்" என்று ஸ்க்ரூடிரைவரோடு போனவர், அட்டையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"யாரு மாட்டினது?"

"உங்க அண்ணன்."

ஸ்க்ரூடிரைவர் பைக்குள் போனது. "அப்போ அவர்தான் வரணும்."

"வருவாரு. வராம எங்க போயிடுவாரு? நீங்க டார்ச்சப் பிடிங்க, பிளாஸ்க்ல வெந்நீர் ஊத்தணும்."

அவர் பிடித்தார். வெளிச்சம் அடுப்புக்கும் சுவருக்குமாக நடுங்கிக்கொண்டே இருந்தது. நேராகப் பிடிக்கத் தெரியாதா என்று அவரையும் திட்டினேன்.