பதினேழாம் பங்கேற்பாளர் நீக்கப்பட்டார்

1

இந்தக் கதையை ஓர் ஆய்வறிக்கையின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்தேன். திருடினேன் என்றும் சொல்லலாம். பெய்-ரூ அப்படித்தான் சொல்கிறாள்.

தைனான் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினான்கு வருடங்களாக மற்றவர்களின் ஆங்கிலத்தைத் திருத்திப் பிழைக்கிறேன். போன வருடம் சட்டத் துறை, உளவியல் துறை, செவிலியர் துறை மூன்றும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு என் மேசைக்கு வந்தது. தலைப்பு மட்டும் நான்கு வரி. உள்ளே இருந்ததோ ஒரே கேள்வி: மருத்துவமனையில் ஒரு தவறு நடந்த பிறகு, குடும்பத்தாரிடம் எதைச் சொன்னால் அது அவர்கள் காதில் மன்னிப்பாக விழும்? நாற்பது பேரைப் பேட்டி கண்டதாகத் தொடக்கத்தில் இருந்தது. அட்டவணையில் முப்பத்தொன்பது பேர்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு: "பதினேழாம் பங்கேற்பாளர், ஆய்வாளர் ஒருவருடன் முன்தொடர்பு இருந்தமையால் நீக்கப்பட்டார்."

இலக்கணம் சரிதான். திருத்த ஒன்றுமில்லை. ஆனாலும் செவிலியர் துறை ஆய்வாளர் சியென் பெய்-ரூவைக் கூப்பிட்டு, "என்ன முன்தொடர்பு?" என்று கேட்டேன்.

"கமா, முற்றுப்புள்ளி பாக்குறதுதானே உங்க வேலை?" என்றாள்.

ஆறு மாதம் கழித்து அவளே வந்து உட்கார்ந்து சொன்னாள். பெயர்களை மாற்றிவிட்டேன். சம்பந்தப்பட்ட எல்லாரும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

யுயே-சியா இறந்த காலையில் தைனான் முழுக்க மழை கொட்டிக்கொண்

(அன்று மழையே இல்லை. நல்ல வெயில். மழை என்னுடைய சோம்பேறித்தனம்.)

பெய்-ரூ ஒரு குற்றவாளி. ஆனால் அவளுக்கு அது

(இதை முடிவு செய்ய என்னைவிட அதிகம் படித்தவர்கள் மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களாலேயே முடியவில்லை.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அது நன்றாக இருக்கிறது, எனக்கே தெரிகிறது:

பெய்-ரூ அவரைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

3

பேட்டி அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஓர் ஒலிப்பதிவுக் கருவி. பதினேழாவதாக வந்தவர் பெயர் வெய் தியென்-சாய். அறுபத்தாறு வயது, பால்கெண்டை மீன் கஞ்சிக் கடை வைத்திருப்பவர். "உக்காரலாங்களா டீச்சர்?" என்று அவர் கேட்டதுமே பெய்-ரூ தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வார்டில், ஒரு கட்டிலின் பக்கத்திலிருந்து இதே குரல் அவளோடு பேசியிருக்கிறது. அவருக்கு அவளைத் தெரியவில்லை. அன்று அவள் முகக்கவசத்துக்குப் பின்னால் இரண்டு கண்கள் மட்டும்தான்.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். விதி அதுதான். எழுந்திருக்கவில்லை. தாளில் இருந்த முதல் கேள்வியைக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கணும்னு நினைக்கிறீங்க?"

"வருத்தமெல்லாம் சொன்னாங்க டீச்சர். அஞ்சு பேரு வரிசையா நின்னு குனிஞ்சாங்க. நல்லாத்தான் குனிஞ்சாங்க. குறை சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பேப்பரைக் காட்டினாங்க. எம் பொண்டாட்டி யுயே-சியா, பித்தப்பை ஆபரேஷனுக்குப் போனவ, ஒரு ஊசி ஒத்துக்காமப் போயிட்டா. ஒத்துக்காத மருந்து எதுன்னு எழுதுற எடத்துல 'இல்லை'ன்னு இருந்துச்சு. எம் பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தா. திரும்பி என்னைப் பாத்தா. ஒண்ணும் கேக்கல. பாத்தா, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவ வீட்டுப் பக்கமே வர்றதில்லை."

"நீங்க... முன்னாடியே சொல்லியிருந்தீங்களா?"

இந்தக் கேள்வி தாளில் இல்லை.

"அதான் தெரியல," என்றார் வெய். "சொன்னதாத்தான் ஞாபகம். ஆனா ஒரே விஷயத்தை நாலு வருஷம் நினைச்சுப் பாருங்க, அது ஞாபகமா ஆசையான்னே தெரியாமப் போயிடும். சொல்லணும் சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே மாடி ஏறினேன். அது நல்லாத் தெரியுது. நினைச்சதோட நின்னுட்டேனோ என்னமோ. எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம் டீச்சர். சொன்னேனா இல்லியா, அதை மட்டும் யாராச்சும் சொன்னாப் போதும்."

பெய்-ரூ ஒலிப்பதிவை நிறுத்தினாள்.

அவர் சொல்லியிருந்தார். "அந்த மருந்து அவளுக்கு ஆகாதும்மா, முதுகெல்லாம் தடிச்சுடும்" என்று, மருந்தின் பெயரோடு. "சரிங்க, எழுதிக்கறேன்" என்று அவளும் சொன்னாள். அடுத்த கட்டிலில் மணி அடித்தது. போனாள். திரும்பி வரும்போது வேறு மூன்று வேலைகள் காத்திருந்தன. பணி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் வந்தபோது கட்டில் காலி. கணினியில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று அவள் கையாலேயே முந்தின நாள் காலை அடித்தது அப்படியே இருந்தது.

அவர் சொன்னார் என்பது உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள்தான் எதிரில் உட்கார்ந்து பேட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

* இந்த இடத்தில் நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும்: பிராயச்சித்தமாகத்தான் அவள் மன்னிப்பைப் பற்றிய ஆய்வில் சேர்ந்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்து ஒரு பத்தி உருக்கமாக எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "இல்லீங்க. ராத்திரி டியூட்டி இல்லாத வேலையாத் தேடினேன். கிடைச்சது." பத்தியை எடுத்துவிட்டேன்.

4

மறுநாள் அவள் ஆய்வில் உடனிருந்த மற்ற இருவரிடமும் சொன்னாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக, ஒரு மனிதர் விடாமல் எல்லாரிடமும் மறைத்ததைச் சொன்னாள்.

உளவியல் பேராசிரியர் பெங் யா-லிங் பேட்டித் தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "முதல்ல அவரை ஆய்வுலேர்ந்து எடுத்துடணும்," என்றார். "அது சுலபம். கஷ்டம் வேற. அவர் சொன்னது பேட்டி ரகசியம். அதை வச்சுக்கிட்டு நீ அவரைத் தேடிப் போகக்கூடாது."

"அப்ப அவரு இப்படியே கிடக்கட்டுமாக்கா?"

"கிடக்கட்டும்னு நான் சொன்னேனா?"

சட்டப் பேராசிரியர் கோ நாற்காலியைச் சத்தத்தோடு இழுத்துப் போட்டார். "நான் சொல்றேன், கேட்டுக்கோ. மருத்துவமனை கூட்டுற பேச்சுக்கூட்டத்துல உக்காந்து 'வருந்துறேன்'னு சொல்லு, சட்டம் உனக்குக் குடை பிடிக்கும். கோர்ட்டுல அதை யாரும் ஆதாரமா நீட்ட முடியாது. 'நீங்க சொன்னீங்க, நான்தான் எழுதல'ன்னு கடையில போய் நின்னு சொன்னீன்னா, நீ குடைக்கு வெளிய. லைசென்ஸ் போகலாம். கேஸ் வரலாம். கேஸ் போடுறதுக்கான கெடு இன்னும் முடியல."

"அவரு வருத்தத்தைக் கேக்கல சார்."

"அதான் பிரச்சனையே! மூணு வருஷமா வருத்தத்தைப் பத்திதான் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கோம்."

5

பேராசிரியர் கோவைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குக் கதையில் ஒரு வில்லன் தேவைப்பட்டான். முதல் வரைவில் அவருக்குத் தங்கச் சட்டக மூக்குக்கண்ணாடி மாட்டி, குளிர்ந்த குரல் கொடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கவும் வைத்தேன். ஆள் பிடிபடவில்லை. ஏனென்றால் உண்மையில் அவர் அடுத்துச் சொன்னது இது:

"போகாதேன்னு சொல்றேன். போவேன்னு தெரியும். கேஸ் வந்தா என்னைக் கூப்பிடு. போகாதேன்னு சொன்னவன் நான்தான், அதனால எனக்குத்தான் வெறி அதிகமா இருக்கும், நல்லா வாதாடுவேன்."

வில்லன் இப்படிப் பேசமாட்டான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

வழியைக் கண்டுபிடித்தது பெங். அவரே வெய்யை அழைத்து, பேட்டி ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது என்றும், பேட்டி எடுத்தவர் ஆய்வுக்கு வெளியே அவரைப் பார்த்துப் பேச விரும்புகிறார் என்றும், வேண்டாமென்றால் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னார். மறுமுனையிலிருந்து ஒரே பதில்: "காலையில பத்து மணிக்கு மேல வரச் சொல்லுங்க. கூட்டம் இருக்காது."

6

இங்கே இரண்டு முடிவுகள் என் கைவசம் இருந்தன.

(அ) பெய்-ரூ கடை வாசல் வரை போய்த் திரும்பிவிடுகிறாள். இது கௌரவமான முடிவு. இலக்கியப் பத்திரிகைகள் விரும்பும். ஆனால் பொய்.

(ஆ) அவள் சொல்கிறாள், அவர் அவள் தலையில் கைவைத்து மன்னிக்கிறார், இருவரும் அழுகிறார்கள். இதுவும் பொய். அதோடு அசிங்கம்.

நடந்தது இது. கடையில் கடைசி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார் வெய். "வாங்க டீச்சர். மீன் வயித்துப் பகுதி தீந்துபோச்சு, தலை இருக்கு, போடவா?" என்றார்.

பெய்-ரூ உட்காரவில்லை. பெயரைச் சொன்னாள். எந்த வார்டு, எந்தத் தேதி, எந்தப் பணி நேரம் என்று சொன்னாள். பிறகு, "நீங்க சொன்னீங்க. என்கிட்டதான் சொன்னீங்க. எழுதறேன்னேன். எழுதல," என்றாள். ஒத்திகை பார்த்து வந்திருந்த மற்ற வாக்கியங்கள் எதுவும் அதற்குமேல் வரவில்லை.

துணி அவர் கையிலேயே இருந்தது.

"நான் எங்க நின்னேன்?"

"ஜன்னல் பக்கம்."

"கையில என்ன வச்சிருந்தேன்?"

"சுடுதண்ணி பிளாஸ்க். பச்சைக் கலர். சொல்லிட்டு அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க."

"தடிச்சுடும்னு சொன்னேனா, அரிக்கும்னு சொன்னேனா?"

"முதுகெல்லாம் தடிச்சுடும்னு சொன்னீங்க. மருந்துப் பேரும் சொன்னீங்க. தப்பா உச்சரிச்சீங்க, ஆனா எனக்குப் புரிஞ்சுது."

வெய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். "தப்பா உச்சரிச்சேன்," என்றார். "ஆமா. அவளும் கிண்டல் பண்ணுவா." பிறகு எழுந்து, முகம் சிவக்க, "நாலு வருஷம்!" என்று கத்தினார். "நாலு வருஷமாடி உனக்கு இதைச் சொல்ல!" ஸ்டூலை எட்டி உதைத்தார். அது மேசைக் காலில் மோதி விழுந்தது. பெய்-ரூ நகரவில்லை. அவள் சொல்கிறாள்: அந்த நிமிடம் பயமாக இருந்தது, ஆனால் மூச்சு நன்றாக வந்தது.

7

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு வசதி. வெய் முடிக்கவிடவில்லை. கைப்பேசியை எடுத்து, சின்ச்சூ நகரத்தில் வேலை பார்க்கும் மகள் ஷூ-வெனை அழைத்தார். நாலைந்து முறை அழைத்த பிறகுதான் எடுத்தாள்.

"வேலையில இருக்கேன்ப்பா. என்ன?"

"ஒருத்தி வந்திருக்கா. அவ சொல்றதைக் கேளு." கைப்பேசியைப் பெய்-ரூவிடம் நீட்டினார். "எனக்குச் சொன்னது பத்தாது. இவளுக்குச் சொல்லு."

கோ சொன்ன குடை, கெடு, லைசென்ஸ் எல்லாம் அப்போது நினைவுக்கு வந்ததா என்று கேட்டேன். "எல்லாமே வந்துச்சு," என்றாள். கைப்பேசியை வாங்கி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்: பெயர், வார்டு, தேதி, பச்சை பிளாஸ்க்.

பிறகு ஷூ-வென் அலுவலகக் குரலில் கேட்டாள்: "இதை எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

"கையெழுத்தோட?"

"ம்."

வாடிக்கையாளர்கள் டிக் அடித்துத் தரும் சாப்பாட்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்து வெய் திருப்பிப் போட்டார். அதன் முதுகில் பெய்-ரூ எழுதினாள். ஆறு வரி. நான் அதைப் பார்த்திருக்கிறேன். திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷூ-வென் ரயிலேறி வந்தாள். கடை நடுவில் நின்றுகொண்டு அந்த ஆறு வரியைப் படித்தாள். பிறகு, "ஏம்ப்பா, நான் பாத்தப்பவே 'சொன்னேன்டி'ன்னு ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"உறுதியாத் தெரியாம எப்பிடிடி அதட்டுறது?"

மகள் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே அழுதாள் என்று வெய் சொல்கிறார். தண்ணீர் தெறித்தது என்று அவள் சொல்கிறாள். இருவர் சொன்னதையும் போட்டுவிட்டேன்.

8

இனி நீங்கள் கேட்கப்போவது: சீட்டு என்ன ஆனது? வழக்குப் போட்டார்களா? பெய்-ரூவின் லைசென்ஸ் இருக்கிறதா?

சீட்டு ஷூ-வெனிடம் இருக்கிறது. கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள் பாக்கி. கோ வாரத்துக்கு ஒரு தடவை, "ஏதாவது தபால் வந்துச்சா?" என்கிறார். "வந்தா சொல்ல மாட்டேனா சார்?" என்கிறாள் பெய்-ரூ. ஒரு முடிவை எழுதித் தர என்னால் முடியும். ஆனால் முடிவு செய்யவேண்டிய ஷூ-வென் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் முந்திக்கொள்வது முறையல்ல. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வழக்குப் போடுங்கள், போடாமல் விடுங்கள். பெய்-ரூவைத் தண்டியுங்கள், அவள் தடுக்கமாட்டாள். கோவுக்கு அந்த மூக்குக்கண்ணாடியைக்கூட மறுபடி மாட்டிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் கைவைக்காதீர்கள். வெய் தியென்-சாய் மாடி ஏறி வந்தார், ஜன்னல் பக்கம் நின்றார், மருந்தின் பெயரைத் தப்பாக உச்சரித்தார், சொன்னார்.