பதினாறாம் நாள் நுரை

குளித்த தலையைத் துவட்டாமல் சகாயராஜ் அடுக்களைக்குள் வந்தபோது, பெரியம்மா ஜாடியின் கழுத்தில் கட்டியிருந்த நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அத விடுங்க பெரியம்மா."

அவள் காதில் வாங்கவில்லை. முடிச்சு இறுக்கம். எறும்பு ஏறக் கூடாதென்று மூன்று சுற்றுச் சுற்றி அவன் மனைவி அறிவுச்செல்வி போட்ட முடிச்சு.

அவளைப் புதைத்துவிட்டுக் கல்லறையிலிருந்து திரும்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்டி வாசலைத் தாண்டியதுமே பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கிவிட்டிருந்தார்கள். குடத்துத் தண்ணீர், ஃபிரிட்ஜில் இருந்த மாவு, தயிர், பால் எல்லாம் வெளியே போய்விட்டன. சாவு விழுந்த வீட்டில் பழையது எதுவும் தங்கக் கூடாது. மிச்சம் இருந்தது அரிசி டிரம்முக்குப் பின்னால், மூலையில், கிறிஸ்மஸுக்கு வைன் போட்டு வைத்திருந்த இந்தப் பீங்கான் ஜாடி மட்டும்தான்.

இந்த வருடம் இந்த வீட்டுக்குக் கிறிஸ்மஸ் கிடையாது என்றாள் பெரியம்மா. நட்சத்திரம் கட்டப் போவதில்லை, பலகாரம் சுடப் போவதில்லை. வைனை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கு ஊற்றப் போகிறாய் என்று கேட்டாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

சகாயராஜ் குனிந்து ஜாடியின் வாய்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு நஸீரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ கை பட்டதுல்ல. இருந்துட்டுப் போகட்டும், விடுங்கம்மா," என்றாள்.

எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அது பயம் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணமாகி மூன்று வருடம். மூன்று நவம்பரிலும் செல்வி வைன் போட்டாள். கொடைரோட்டுப் பக்கம் ரோட்டோரக் கடைகளில், குலையிலிருந்து உதிர்ந்த பன்னீர் திராட்சையைத் தனியாகக் குவித்து வைத்திருப்பார்கள். குலை விலையில் பாதிகூட இருக்காது. உதிரியில்தான் சாறு அதிகம் என்பாள். கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, கையாலேயே பிசைவாள். சீனி, ஆறவைத்த வெந்நீர், ஒரு பிடி கோதுமை, இரண்டு துண்டு பட்டை, நாலு கிராம்பு, கரண்டி நுனியளவு ஈஸ்ட். வீட்டில் இல்லாதது ஈஸ்ட் ஒன்றுதான். முதல் வாரம் ஜாடி ராத்திரி பகலாகக் கொப்பளிக்கும். உங்க வீட்டுச் சுவத்துல சாஞ்சாலே எனக்குத் தள்ளாடுதுடி என்பாள் நஸீரா.

அப்புறம் பொங்கியது அடங்கும். ஆனால் வேலை அடங்காது. இருபத்தொரு நாளும், நாளுக்கு ஒரு தடவை, சொட்டு ஈரம் இல்லாத மரக்கரண்டியால் கிளற வேண்டும். மேலே எழுந்து மிதக்கும் தோலை அமுக்கி உள்ளே தள்ள வேண்டும். சேர்ந்தாற்போல் நாலு நாள் விட்டால் தோல் காய்ந்து பூசணம் பிடித்துவிடும்.

பதின்மூன்றாம் நாள் காய்ச்சலோடு நின்று கிளறினாள். பதினான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணு இறங்குகிறது என்றார்கள், ஏறுகிறது என்றார்கள், மறுபடி இறங்குகிறது என்றார்கள். சேர்த்த அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்:

"ஜாடியக் கிளறுனீங்களா?"

அவன் கிளறவில்லை. ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்லை. அவன் அந்தப் பக்கம் போகிற நேரம் பார்த்து ஏதாவது ஆகிவிடும் என்று ஓர் எண்ணம். இயற்பியலில் முதுகலை படித்தவன். அந்த எண்ணத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நகரவில்லை.

"நீ தூங்குனப்பப் போய்ட்டு வந்தேன். கிளறிட்டேன்."

மறுநாளும் கேட்டாள். தோல் மிதந்தது, அமுக்கிவிட்டேன் என்றான். பொய் பழகிவிட்டது. பதினாறாம் நாள் கண்ணைத் திறக்காமலே, இப்ப எப்படி இருக்கு என்றாள். நுரை நல்லாப் பொங்குது என்றான். அவள் உதடு லேசாக அசைந்தது. சரி என்றாள்.

பதினேழாம் நாள் சாயங்காலம் அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. மறுநாள் விடிகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

அவனிடம் அவள் கேட்ட கடைசிக் கேள்வி அது. அதற்கு அவன் சொன்னது பொய். அந்தப் பொய் இந்த ஜாடிக்குள் இருந்தது.

"கைய எடுப்பா," என்றாள் பெரியம்மா, கொஞ்சம் இரக்கத்தோடு. எடுத்தான். எடுக்காமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? நூல் அறுந்தது. அவள் துணியை உரித்து எடுத்ததும் புளித்த காடி வாடை மேலே வந்தது. தோல் தடித்து, காய்ந்து, வெடித்திருந்தது. அதன்மேல் வெள்ளையாகவும் இடையிடையே பச்சையாகவும் பூசணம்.

"கிளறாமயே போட்டு வச்சிருக்கு பாரு. எதுலயும் ஒரு பொறுப்பு வேணாம்? செத்தவளச் சொல்லக் கூடாது..."

சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளைதானே, மறந்திருக்கும் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். அடுக்களை வாசலில் வியாகுலம்மாள் நின்றிருந்தாள். செல்வியின் அம்மா. துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, பெண் வீட்டுச் சோறுதான் முதலில் வர வேண்டும் என்று செம்பட்டி உறவுக்காரர்கள் ஆக்கிக் கொடுத்துவிட்ட தூக்குவாளி அவள் கையில் இருந்தது. மகளைப் புதைத்த அன்றே மகளைப் பற்றி இதையும் கேட்டுக்கொண்டாள்.

சும்மா இருந்தால் போதும் என்று சகாயராஜுக்குத் தெரிந்தது. ஜாடி பின்பக்கம் போய்விடும். பழி, இனி எதையும் கேட்க முடியாதவள்மேல் போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

"அவ கிளறுனா," என்றான். "நாந்தான் கிளறல."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரில தெனம் கேட்டா. கிளறிட்டேன்னு பொய் சொன்னேன். மூணு நாளும்."

பெரியம்மா துணியை எடுத்து மறுபடியும் ஜாடியின் வாயில் போட்டாள். அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நஸீரா மற்ற பெண்களை மெதுவாக வெளியே அழைத்துப் போனாள்.

வியாகுலம்மாள் தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உக்காருங்க மாப்ள."

உட்கார்ந்தான்.

"அவளுக்குத் தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"நாலு நாளும் ஒரே சட்டை. படுத்துக் கெடந்தாலும் புருசன் சட்ட தெரியாதா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி நாளு மத்தியானம் நீங்க ரத்தத்துக்கு எழுதிக் குடுக்கப் போயிருந்தீங்க. அப்பச் சொன்னா. பதினாறாம் நாளு நுரை பொங்குதாம்மா, அது ஒரு வாரத்துலயே அடங்கிரும், இவருக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியலன்னு. சிரிச்சா மாப்ள. வாயெல்லாம் காஞ்சு கெடக்கு, சிரிக்கிறா."

வெளியே யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சும் எதுக்கு அத்தை தெனம் கேட்டா?"

"வைனுக்கா கேட்டா? வீட்டுக்குப் போங்கன்னா நீங்க போக மாட்டீங்க. ஜாடியச் சொன்னாப் போவாரு, போனா ரெண்டு வாய் தின்னுட்டுச் செத்த நேரம் படுத்துட்டு வருவாரும்மான்னா." தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். "அவருகிட்ட எதுவும் கேட்டுறாதம்மா, போய்ட்டு வந்ததாவே இருக்கட்டும்னு சொல்லிட்டா. அதான் நானும் கேக்கல."

சகாயராஜ் எழுந்து, ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். பெரியம்மா பிடிக்க வந்தாள். வேண்டாமென்று தலையசைத்தான். சாக்கடை ஓரமாகக் கவிழ்த்தான். பூசணம் பிடித்த தோல் கட்டியாக விழுந்தது. அதற்குப் பின்னால் வந்த சாறு தெளிவாக, நல்ல சிவப்பாக இருந்தது. முழுவதும் வடிகிறவரை பிடித்துக்கொண்டு நின்றான். குழாயைத் திறந்து ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

வியாகுலம்மாள் தட்டைப் போட்டிருந்தாள். சோறும், பூசணிக்காய்க் குழம்பும், வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காயும். சோறு ஆறியிருந்தது. உட்கார்ந்து பிசைந்தான். முதல் வாய் உள்ளே இறங்க நேரமானது. இரண்டாவது வாய் அவ்வளவு நேரமாகவில்லை. அவள் இன்னொரு கரண்டி சோற்றோடு குனிந்தபோது அவன் தட்டை மறைக்கவில்லை. அதையும் தின்றான். அவள் மோர் ஊற்றினாள்.

பெரியம்மா கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவன் சுவரோடு சாய்ந்து, தலை ஒருபக்கம் சரியத் தூங்கிப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பலாமென்று அவள் குனிந்தாள். வியாகுலம்மாள் உதட்டின்மேல் விரலை வைத்தாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள்.

ஜன்னல் வெயில் அவன் முழங்கால்வரை வந்திருந்தது. சோற்றுக் கை தட்டுக்குள்ளேயே காய்ந்துகொண்டிருந்தது.